பெண் முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கடன், கையெழுத்து, கடைசி முடிவு

தொழிலை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். தொடங்கிய பிறகு அதைத் தலைமையேற்று நடத்தும் பெண்களுக்கு வரும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். அவற்றில் அடிக்கடி காதில் விழுபவற்றுக்கு இங்கே பதில்.

தொழில் என்றால் எல்லோருக்கும் கஷ்டம்தானே? பெண்களுக்கு மட்டும் தனியாக என்ன?

சரக்கு தேங்குவது, பாக்கி வராமல் இழுத்தடிப்பது, நல்ல ஆள் நிலைக்காமல் போவது இதெல்லாம் எல்லோருக்கும் பொது. பணத்தை யார் தொடலாம், யார் கையெழுத்துப் போடலாம், கடைசி முடிவை யார் சொல்லலாம் என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆணுக்கு இந்த மூன்றையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. பெண் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிலைநாட்ட வேண்டியிருக்கிறது.

‘அதெல்லாம் அவரவர் மனதில் இருக்கிறது’ என்பவர்கள் சட்ட வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். பிரான்சில் திருமணமான பெண் கணவரின் அனுமதி இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க முடிந்தது 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அமெரிக்காவில் கடன் தருவதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1974இல் வந்தது. அதற்குப் பிறகும் சில மாநிலங்களில், தொழிலுக்குக் கடன் கேட்கும் பெண் ஆண் உறவினர் ஒருவரைக் கூட அழைத்துப் போய்க் கையெழுத்துப் போட வைக்க வேண்டியிருந்தது. 1988இல் வந்த பெண்கள் தொழில் உரிமைச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. அந்த நடைமுறையில் பழகிய அதிகாரிகள் பலர் அதற்குப் பிறகும் வேலையில் இருந்திருப்பார்கள். சட்டம் ஒரே நாளில் மாறும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பழக்கம் மாற ஒரு தலைமுறை ஆகும்.

இன்னும் பின்னால் போனால் பிரான்சில் பார்ப்-நிக்கோல் கிளிக்கோ இருக்கிறார். 1805இல் 27 வயதில் கணவரை இழந்து, ஷாம்பேன் தொழிலைத் தானே ஏற்று நடத்திப் பெரும்புள்ளியானவர். அன்றைய நெப்போலியன் சட்டத்தின்படி மனைவி கணவருக்குக் கட்டுப்பட்டவள், விதவைக்கோ தன் சொத்தைத் தானே ஆளும் உரிமை இருந்தது. அவருடைய திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் கணவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தத் திறமை கணக்குப் புத்தகம் வரைக்கும் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கடன் கேட்டால் ‘கணவரையோ அப்பாவையோ கூட்டி வாங்க’ என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில், எந்த முறையில் அவரைக் கேட்கிறார்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். கூட்டுக் கடனாளியா, ஜாமீன்தாரரா, அடமானம் வைக்கும் சொத்தின் உரிமையாளரா? மூன்றும் வேறு வேறு. சொத்து அவர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்து தேவைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சொத்தும் இல்லை, ஜாமீனும் இல்லை, ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு’ என்றால், ‘இதே தொகையை ஓர் ஆண் கேட்டால் மனைவியைக் கூட்டி வரச் சொல்வீர்களா? எந்த விதியின்படி கேட்கிறீர்கள், எழுதித் தர முடியுமா?’ என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல விதிகள் காணாமல் போய்விடும்.

உண்மையான முடிச்சு அடமானத்தில்தான் இருக்கிறது. உலகின் பெரும்பாலான இடங்களில் நிலமும் வீடும் ஆண்கள் பெயரில் இருக்கின்றன. அதனால் விதி இருபாலருக்கும் ஒன்றாக இருந்தாலும் பெண் கையில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. இப்படி இருப்பவர்கள் வரவு செலவை முதல் நாளிலிருந்தே வங்கி வழியாக ஓட விடுங்கள். கைக்காசாகவே புரளும் தொழிலுக்கு வெளியில் சாட்சி இல்லை. சில ஆண்டுகளுக்கான வங்கிக் கணக்கு விவரமும், காலம் தவறாமல் அடைத்த ஒரு சிறு கடனும் கையில் இருந்தால், அடமானம் இல்லாத குறை பாதி தீரும்.

முதலீட்டாளர்கள் என்னை மட்டும் குடைந்து குடைந்து கேட்கிறார்களோ என்று தோன்றுகிறது. பிரமையா?

பிரமை இல்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் புதுத் தொழில் நிறுவனங்களுக்காக நடக்கும் ஒரு போட்டி மேடையின் கேள்வி பதில்களை டானா கான்ஸே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அலசினார்கள். ஆண்களிடம் கேட்கப்பட்டவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, ‘எவ்வளவு தூரம் வளர்வீர்கள், எத்தனை வாடிக்கையாளர்களைப் பிடிப்பீர்கள்’ என்ற ரகம். பெண்களிடம் கேட்கப்பட்டவற்றில் அதே அளவு, ‘கையில் இருக்கும் வாடிக்கையாளரை எப்படித் தக்கவைப்பீர்கள், நஷ்டம் வராமல் எப்படிப் பார்ப்பீர்கள்’ என்ற ரகம். தற்காப்புக் கேள்விக்குத் தற்காப்பாகவே பதில் சொன்னவர்களுக்கு அப்புறம் கிடைத்த முதலீடும் மிகக் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது, பெண் முதலீட்டாளர்களும் அப்படியேதான் கேட்டார்கள் என்பது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை கொஞ்சம் அவசரமானது.

அந்த ஆய்வில் கையோடு எடுத்துப் போகக்கூடிய ஒரு சங்கதியும் உண்டு. தற்காப்புக் கேள்வி வந்தபோது வளர்ச்சியைப் பற்றிப் பதில் சொன்னவர்கள் பல மடங்கு அதிகப் பணம் திரட்டினார்கள். ‘இருக்கும் வாடிக்கையாளர் போய்விட்டால்?’ என்று கேட்டால், போகாமல் இருக்க நீங்கள் செய்வதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, சந்தை எவ்வளவு பெரியது, அடுத்த ஆண்டு எங்கே போகப் போகிறீர்கள் என்பதற்குத் தாவிவிடுங்கள். கண்ணாடி முன் நின்று நம்பிக்கை வசனம் பேசிப் பழகுவதைவிட, வரக்கூடிய இருபது தற்காப்புக் கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பதில் தயாரித்து வைப்பது பலன் தரும்.

குரல் சம்பந்தப்பட்ட ஓர் ஆய்வும் இருக்கிறது. ஆலிசன் வுட் புரூக்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்டது. ஒரே தொழில் திட்டத்தை, ஒரே படங்களோடு, ஒரு முறை ஆண் குரலிலும் ஒரு முறை பெண் குரலிலும் கேட்க வைத்தார்கள். ஆண் குரலில் வந்த திட்டத்துக்குப் பணம் தரலாம் என்றவர்கள் சுமார் 68 சதவீதம், பெண் குரலில் வந்ததற்கு 32. வார்த்தைக்கு வார்த்தை அதே திட்டம்! இதைச் சொல்வது மனதைத் தளர வைக்க அல்ல. மறுப்பு வந்த அன்று இரவே திட்டத்தை முழுதாகத் திருத்தி எழுத உட்கார வேண்டாம் என்பதற்காகத்தான். குறை சில நேரம் திட்டத்தில் இல்லை.

பணம் போட்டால் திரும்பி வருமா என்ற கேள்விக்கு, பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 2018இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. அவர்கள் பார்த்த நிறுவனங்களில், பெண்கள் தொடங்கியவை முதலீட்டில் ஒவ்வொரு டாலருக்கும் 78 சென்ட் வருவாய் ஈட்டின. ஆண்கள் மட்டுமே தொடங்கியவை 31 சென்ட். ஒரு திட்டத்தில் பங்கேற்ற சுமார் 350 நிறுவனங்களின் கணக்கு அது, உலகத்துக்கே பொருத்திவிட முடியாது. ஆனால் ‘பெண்களுக்கு முதலீடு செய்வது ஒருவித சமூக சேவை’ என்று யாராவது பேச்சை எடுத்தால் எடுத்து வைக்க உதவும்.

ஓர் ஆணை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னாலிருந்து நடத்தினால் வேலை சுலபமாகுமே?

ஆகும். அதுதான் வயிற்றெரிச்சல்.

பிரிட்டனில் 1962இல் மென்பொருள் நிறுவனம் தொடங்கிய ஸ்டெஃபனி ஷெர்லி, தன் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பதில்கள் வந்தன. ஐம்பது வருடம் கழித்து அமெரிக்காவில் கலைப்பொருள் விற்கும் இணையதளம் நடத்திய இரண்டு பெண்கள், தங்களை அலட்சியமாக நடத்தியவர்களைச் சமாளிக்க ‘கீத் மேன்’ என்ற கற்பனைப் பங்குதாரரை உருவாக்கினார்கள். மின்னஞ்சலில் கீத் கேட்டால் வேலை உடனே நடந்தது. 2017இல் அவர்களே இதை வெளியில் சொன்னார்கள்.

கதவு திறக்கும் வரை இது ஒரு தந்திரம், அவ்வளவுதான். ஸ்டீவ் என்ற பெயரில் கடிதம் எழுதியவர் ஷெர்லி, சந்திப்புக்குப் போனவரும் அவரே, நிறுவனமும் அவர் கையில்தான் இருந்தது. ரத்தமும் சதையுமாக ஓர் ஆணை முன்னால் நிறுத்தினால் கதை வேறு. வாடிக்கையாளர், வங்கி, சப்ளையர் என்று எல்லோருடைய பழக்கமும் அவரோடு ஒட்டிக்கொள்ளும். அவர் விலகும் நாளில் அந்தத் தொடர்புகளும் கூடவே போய்விடும்.

தொழில் என் பெயரில் இருக்கிறது, ஆனால் முடிவெல்லாம் வீட்டில் வேறொருவர் எடுக்கிறார். இதில் என்ன ஆபத்து?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். பெயருக்கு முதலாளியாக இருப்பவருக்கு அதிகாரம் இல்லை, பொறுப்பு மட்டும் முழுசாக இருக்கிறது. கடன் அடைபடாவிட்டால் நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. வரிக் கணக்கில் தவறு இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ‘எனக்கு எதுவும் தெரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்’ என்பது சட்டத்தின் முன் பெரும்பாலும் எடுபடாது.

உங்களையே ஒரு சோதனை செய்து பாருங்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம், ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) யார் கைப்பேசிக்கு வருகிறது? யாரையும் கேட்காமல் இன்று கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பெரிய வாடிக்கையாளரின் நேரடி எண் உங்களிடம் இருக்கிறதா? ஓர் ஊழியரை நீங்களாக நிறுத்த முடியுமா? எதற்காவது தயங்கினால் அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். வங்கியில் பதிவான கைப்பேசி எண்ணை மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் வீட்டில் பெரிய பேச்சு கிளம்பும். கிளம்பட்டும்.

இது குடும்பச் சண்டை மூட்டிவிடும் யோசனை இல்லை, லாபக் கணக்கு. இலங்கையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் மானியம் கொடுத்துப் பார்த்தபோது, ஆண்களின் லாபம் கூடியது, பெண்களின் லாபத்தில் மாற்றமே தெரியவில்லை. ‘பெண்களுக்குக் கொடுத்தால் பலனில்லை’ என்று சிலர் முடிவு கட்டினார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் இலங்கை, இந்தியா, கானா தரவுகளை மறுபடி பார்த்து 2019இல் ஒரு விஷயம் சொன்னார்கள்: பல வீடுகளில் அந்தப் பணம் மனைவியின் தொழிலுக்குள் போகவே இல்லை, கணவரின் தொழிலுக்குப் போயிருக்கிறது. வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் மட்டுமே என்ற இடங்களில், பணம் அவர் தொழிலில் நன்றாகவே பலன் தந்தது. கெட்டிக்காரத்தனத்தில் குறை இல்லை, பணம்தான் வழியில் திரும்பிவிட்டது.

உகாண்டாவில் எம்மா ரைலி செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. சிலருக்குக் கடன் தொகை ரொக்கமாகக் கையில் கொடுக்கப்பட்டது, சிலருக்கு அவரவர் பெயரில் இருந்த கைப்பேசிப் பணக் கணக்கில் போடப்பட்டது. கணக்கில் பெற்ற பெண்களின் லாபம் சுமார் 15 சதவீதம் கூடுதல். வீட்டில் பணம் கேட்டு நெருக்குதல் இருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். வகுப்பும் எடுக்கவில்லை, ஊக்கப் பேச்சும் இல்லை.

அப்போ வீட்டுக் காசையும் தொழில் காசையும் எப்படிப் பிரிப்பது?

தனிக் கணக்கு. அதிலிருந்து உங்களுக்கென்று மாதச் சம்பளம், ஒரே தேதியில், ஒரே தொகை. வீட்டுக்குக் கொடுப்பது அந்தச் சம்பளத்திலிருந்துதான். சம்பளம் எடுக்காத முதலாளிக்குத் தன் தொழில் லாபத்தில் ஓடுகிறதா என்பதே தெரியாது, தன் உழைப்பை இலவசமாகக் கொட்டித்தான் கணக்கு நேராகியிருக்கும். உறவினர் அவசரத்துக்குக் கேட்டால் சம்பளத்திலிருந்து கொடுங்கள். சரக்குக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள்.

வீட்டு வேலை, குழந்தை, தொழில் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

நேரத்தைத் திட்டமிடச் சொல்லும் அறிவுரை எனக்கு ஒவ்வாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் சொன்ன கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைகளில் பெண்கள் உலக அளவில் ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். மூன்று மணி நேர வித்தியாசம். அதை எந்த நாட்குறிப்பில் எழுதி எப்படிச் சரிக்கட்டுவது? வேலையில் ஒரு பங்கு வேறொருவர் கைக்குப் போக வேண்டும், அல்லது காசு கொடுத்து வாங்கப்பட வேண்டும். வேறு வழி கிடையாது.

அந்தக் காசை யார் கொடுப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவைப் பல வீடுகளில் அம்மாவின் வருமானத்திலிருந்து மட்டும் கழித்துப் பார்த்து, ‘இவ்வளவுதான் மிஞ்சுகிறதா, எதற்கு இந்தத் தொழில்’ என்று முடிக்கிறார்கள். குழந்தை இருவருடையது என்றால் செலவும் இருவர் வருமானத்திலும் பாதிப் பாதி.

ஷெர்லியின் நிறுவனம் இதையே தொழில் முறையாக்கியது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட திறமையான பெண் நிரலர்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும்போது குழந்தை சத்தம் கேட்காமலிருக்க, தட்டச்சுச் சத்தத்தைப் பதிவு செய்து பின்னணியில் ஓட விட்டாராம். 1975இல் வந்த பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தால் ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று என்பது தனி வேடிக்கை.

கண்டிப்பாகப் பேசினால் ‘திமிர்’ என்கிறார்கள், தன்மையாகப் பேசினால் யாரும் கேட்பதில்லை. நடுவில் எங்கே நிற்பது?

அந்த நடு இடம் என்று ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பேராசிரியர் ஃபிராங்க் ஃபிளின், ஹைடி ரோய்ஸன் என்ற தொழில்முனைவோரின் கதையை மாணவர்களில் ஒரு பாதிக்கு அதே பெயரோடும், மறு பாதிக்கு ‘ஹோவர்டு’ என்று பெயர் மாற்றியும் கொடுத்தார். இருவரும் திறமைசாலிகள் என்று மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஹோவர்டைப் பிடித்திருந்தது, ஹைடியைச் சுயநலக்காரி என்றார்கள். கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பெயர் மட்டும்தான்.

அதனால் குரலைச் சரிசெய்யும் வேலையை விட்டுவிட்டு, குரல் தேவைப்படாத இடங்களை அதிகமாக்குங்கள். தாமதமாக வந்தால் என்ன, முன்பணம் எவ்வளவு, எந்தத் தொகைக்கு மேல் யார் அனுமதி என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ‘மேடம் கோபக்காரி’ என்பது ‘இங்கே விதி இப்படி’ என்று மாறும்.

‘சார்கிட்ட பேசணும்’ என்று வரும் சப்ளையருக்கு, ‘விலை, பணம் இரண்டையும் முடிவு செய்வது நான்தான், சொல்லுங்கள்’ என்பது போதும். அதைவிட முக்கியம், உங்கள் ஆட்களைப் பழக்குவது. மேலாளர் ஆணாக இருந்தால் வந்தவர் கண்கள் தானாக அவர் பக்கம் போகும். அவர் உடனே ‘மேடம்தான் சொல்ல வேண்டும்’ என்று உங்கள் பக்கம் திருப்ப வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதைச் செய்ய மனம் வராத மேலாளரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பெண்களுக்கு ஏற்ற தொழில் எது?

கேள்வியே பணத்தைக் குறைக்கும். உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆண்கள் மிகுந்த துறைகளுக்குள் நுழைந்த பெண்கள் அங்குள்ள ஆண்களுக்குச் சமமாகவும், பெண்கள் மிகுந்த துறைகளிலேயே தங்கியவர்களைப் போல மூன்று மடங்கும் சம்பாதித்தது தெரிந்தது. எல்லோரும் வெல்டிங் பட்டறை போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. தெரிந்த பெண்கள் எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக ஒரு தொழிலை எடுத்தால், அவர்கள் எல்லோரும் போட்டியாளர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்புகளால் பயன் உண்டா?

வகுப்பைப் பொறுத்தது. டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் முனைவோரைக் கொண்டு செய்த சோதனை 2017இல் வெளியானது. கணக்கு, சந்தைப்படுத்தல் சொல்லித்தந்த வழக்கமான பயிற்சியால் பெரிதாக எதுவும் மாறவில்லை. தானாக முன்வந்து செயல்படுவது, தடையை எதிர்பார்த்துத் திட்டமிடுவது, புது வாய்ப்பைத் தேடுவது ஆகியவற்றைப் பழக்கிய பயிற்சி லாபத்தைச் சராசரியாக 30 சதவீதம் உயர்த்தியது. பெண்களுக்கும் நன்றாகவே பலித்தது. சான்றிதழும் குழுப் படமும்தான் மிஞ்சும் வகுப்பென்றால், அந்த நாளில் நான்கு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வரலாம்.

பெண் தொழில்முனைவோர் சங்கத்தில் சேரலாமா?

சேருங்கள். நம்பகமான சப்ளையர், நேர்மையான கணக்காளர், எந்த வாடிக்கையாளர் பாக்கி வைப்பார் என்ற தகவல் இவையெல்லாம் அங்கே கிடைக்கும். அதோடு உங்கள் துறைச் சங்கத்திலும் இருங்கள். விலையும் ஒப்பந்தமும் பேசப்படுவது அங்கேதான்.

முதலீட்டாளரோ பெரிய வாடிக்கையாளரோ தவறாக நடந்தால்? நான் ஊழியர் இல்லையே, எங்கே புகார் செய்வது?

இது உண்மையிலேயே ஓட்டை உள்ள இடம். பணியிடத் தொல்லைக்கு எதிரான சட்டங்கள் பலவும் ஊழியரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கலிஃபோர்னியா மாநிலம்தான் 2018இல் தன் சட்டத்தில் ‘முதலீட்டாளர்’ என்ற சொல்லை வெளிப்படையாகச் சேர்த்தது. உங்கள் இடத்துச் சட்டம் எதைத் தொடுகிறது என்று வழக்கறிஞரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், சந்திப்புகள் அலுவலக நேரத்தில், அலுவலக இடத்தில் இருக்கட்டும். மொத்த வருமானத்தில் பாதியை ஒரே வாடிக்கையாளர் தருகிறார் என்றால் அவரிடம் ‘முடியாது’ என்று சொல்வது கடினம். அப்படி ஒருவரையே நம்பி நிற்காமல் பார்த்துக்கொள்வதும் ஒரு பாதுகாப்புதான்.

பிரசவத்துக்கோ உடல்நலக் காரணத்துக்கோ சில மாதம் விலக வேண்டும். தொழில் யார் கையில்?

ஒரே ஆளிடம் மொத்தமாக ஒப்படைக்காதீர்கள். பணம் அனுப்புவதை ஒருவர் தயார் செய்யட்டும், இன்னொருவர் அனுமதிக்கட்டும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்கள் அனுமதி தேவை என்று வையுங்கள். அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாக இருந்தால், எந்தெந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை என்று அதிலேயே இருக்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத அதிகாரப் பத்திரத்தில் அவசரத்தில்கூடக் கையெழுத்துப் போட வேண்டாம். விலகுவதற்கு முன்பே ஓரிரு வாரம் ஒதுங்கி நின்று, எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

நஷ்டம் தொடர்கிறது. மூடினால் ‘அப்பவே சொன்னோமே’ என்பார்கள். எப்போது முடிவெடுப்பது?

சொல்வார்கள். அதற்குப் பயந்து இன்னும் ஆறு மாதம் ஓட்டினால் அந்த ஆறு மாத நஷ்டம் அவர்களுடையது ஆகாது. உங்கள் சம்பளத்தையும் செலவில் சேர்த்து, கடைசி ஓராண்டுக் கணக்கைப் பாருங்கள். எந்த மாதமாவது போட்ட பணம் தேறியதா? பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கும் நிலை வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் ஊழியர் சம்பளம், வரி, சப்ளையர் பாக்கி எல்லாவற்றையும் கொடுத்து முடிக்கும் அளவுக்குப் பணம் இருக்கும்போதே மூடுங்கள். பாக்கி இல்லாமல் மூடியவருக்கு அதே சப்ளையர் மறுபடி சரக்கு தருவார். பதிவு, உரிமம், வங்கிக் கணக்கு, நீங்கள் போட்ட ஜாமீன் இவற்றை ஒவ்வொன்றாக எழுத்தில் ரத்து செய்து, ரத்தானதற்கான கடிதங்களை வாங்கி வையுங்கள்.